ரயிலா, பஸ்ஸா என்று கேட்டிருந்தாய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சியிடம் அதை எப்படிக் கேட்பது? இடது பக்கமே ஒருக்களித்துப் படு. காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீரையும் போனையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல். நாங்கள் இங்கே இருக்கிறோம். அதற்கு மேல் எங்களைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். போன் அடித்தால் எனக்கு முன்னால் உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். நீ வேறு, ஸ்பீக்கரில் போடு, அப்பா குரலைக் கேட்கணும் என்கிறாய். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்ன பேசுவது? அதனால்தான் தாளில் எழுதி எதிர்வீட்டுத் தையல்காரியிடம் கொடுக்கிறேன். அவள் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு எழுத்து விடாமல் படித்தும் விடுவாள். படிக்கட்டும். நாலு பேரிடம் சொல்லாமல் இருந்தால் போதும்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்தாக வேண்டும் என்று விமான டிக்கெட்டை எடுத்து அனுப்பிவிட்டாய். விமான நிலையத்துக்கு ரயிலில் போவது வசதியா, பஸ்ஸில் போவது வசதியா என்று விசாரித்து வைக்கச் சொன்னாய். முட்டி வலியோடு ஒரு காலைப்பொழுது முழுக்க அதற்காகவே அலைந்தேன்.

ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் இருந்த பெண், நாம் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லும் ரகம். ரயில்தான் சீக்கிரம் போகும், வழியில் நெரிசல் கிடையாது, பெட்டிக்குள்ளேயே கழிப்பறை உண்டு, விமான நிலையத்துக்கு நேர் கீழே கொண்டுபோய் இறக்கிவிடும் என்றாள். எல்லாம் சரிதான். ஆனால் பாதி வழியில் பெரிய சந்திப்பில் இறங்கி, மேம்பாலம் ஏறி, வேறு பிளாட்பாரத்துக்குப் போய் இன்னொரு ரயிலைப் பிடிக்க வேண்டுமாம். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். ‘இருக்கு’ என்றாள். ஓடுகிறதா என்று கேட்டேன். ‘அதை நீங்க அங்க போய்த்தான் பாக்கணும்’ என்றாள்.

பஸ் ஆபீசில் இருந்த ஆள் வேறு ரகம். கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததையெல்லாம் சொன்னார். பஸ்ஸில் ஏறினால் ஏறியதுதான், நடுவில் மாற வேண்டியதில்லை. பெட்டிகளை டிரைவரே வாங்கி அடியில் வைத்துக்கொள்வார். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு எதிரிலேயே இறக்கிவிடுவார். வழியில் ஒரே ஓர் இடத்தில் டீ குடிக்க, காலாற நடக்க நிறுத்துவார்கள், அதுவரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் எங்காவது ஒரு லாரி சாய்ந்துவிட்டால் நாம் ஏற வேண்டிய விமானத்தை ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. ரயில் எப்படி என்று கேட்டதற்கு, ‘ரயிலா, அது வந்தா வரும்’ என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எனக்கென்னவோ ரயில் தேவலாம் என்று பட்டது. ஆனால் உன் அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்க முடியுமா? தலை நரைக்கும்வரை அதே விமான நிலைய பஸ்ஸை ஓட்டியவர். இந்த வீட்டில் யார்தான் ரயிலில் போயிருக்கிறோம்? என் தங்கை கல்யாணத்துக்கு எல்லாரும் ரயிலில் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, கை கழுவிய பிறகு நாம் பஸ்ஸில் போய் இறங்கினோம். இப்போதும் அதே கதைதான். ‘தண்டவாளத்துல போறவனுக்கு ஸ்டீயரிங் இருக்கா? திருப்ப முடியாததை ஓட்டறதுன்னு சொல்லாத’ என்கிறார். நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு நினைவில் இல்லை. இது மட்டும் நினைவில் இருக்கிறது.

மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று போனில் சொன்னேன் அல்லவா? கொஞ்சம் இல்லை. சில நாள் காலையில் எழுந்ததும் டிரைவர் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிறார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தால் என்னைப் பார்த்து மரியாதையாக, ‘நீங்க எங்க இறங்கணும்?’ என்று கேட்கிறார். முதல் நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது ‘கடைசி ஸ்டாப்புங்க’ என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்கிறது. ‘அப்ப நிதானமா உட்காருங்க’ என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறார்.

ஆனால் ஒப்படைப்பது மட்டும் ஒரு நாளும் தவறுவதில்லை. உனக்கு நினைவிருக்கும். டிப்போவில் ஒரு டிரைவர் இறங்கி இன்னொருவர் ஏறும்போது, வண்டியின் குறைகளை வாயால் சொல்லித்தான் ஒப்படைப்பார்கள். பிரேக் கொஞ்சம் இழுக்கும், இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும் என்று சொல்லி முடித்து, வந்தவர் ‘எடுத்துக்கிட்டேன்’ என்று சொன்ன பிறகுதான் இவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுப்பார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் முடித்து வருவேன், அவர் வேலைக்குக் கிளம்புவார். வாசலில் வைத்து உன்னை அப்படித்தான் ஒப்படைப்பார். ‘பால் குடிச்சாச்சு, இடது காதைத் தொட்டா கத்தறா, தூங்கற மாதிரி நடிப்பா, நம்பாத’ என்பார். நான் எடுத்துக்கிட்டேன் என்று சொல்லும்வரை உன்னை என் கையில் விடமாட்டார். இப்போது படுக்கப் போகும்முன் வீட்டை எனக்கு ஒப்படைக்கிறார். அடுப்பை மூடியாச்சு, பின்கதவுத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டிருப்பார். நான் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் படுப்பார். அடுப்பை மூடியிருக்கவே மாட்டார் என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு நேராக விமானத்துக்குக் கிளம்ப எனக்குத் தைரியம் இல்லை. அதனால் ஒருமுறை பெட்டி படுக்கை இல்லாமல் பஸ்ஸில் விமான நிலையம்வரை போய்த் திரும்பி வந்து ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். போய் வந்து எழுதுகிறேன். தையல்காரி குழந்தைக்குச் சட்டை தைத்துத் தருகிறேன் என்று அளவு கேட்டு என்னைப் பிடுங்குகிறாள். பிறக்காத பிள்ளைக்கு நான் எங்கே போய் அளவெடுப்பேன்?

படுத்தே இரு. கவலையை எங்களுக்கு விடு.

உன் பிள்ளை வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா


அன்பு மகளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். நேற்று போனில் ஒத்திகை என்னாயிற்று என்று நீ விடாமல் கேட்டும் நான் நல்லபடியாக நடந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் இருந்தார். நடந்ததை இப்போது எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. இதை எழுதும்போது அவர் என் எதிரேதான் இருக்கிறார், மடித்து வைத்த படுக்கை விரிப்புகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸில் ஏறியதும் அவர் ஆளே மாறிவிட்டார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். வழியில் ஒவ்வொரு வளைவையும் எனக்கு முன்கூட்டியே சொன்னார். இங்கே பாலம் வரும், இங்கே சாலை ஒரு பக்கம் சரியும், இங்கே எதிரில் வருகிறவன் விளக்கைத் தணிக்கமாட்டான் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவர் காலும் தரையை அழுத்தியது. அந்தப் பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்து என் பக்கத்தில் என் புருஷன் உட்கார்ந்திருந்தார். அந்த நிம்மதியில் நான் கண்ணயர்ந்துவிட்டேன்.

டீக்கு நிறுத்திய இடத்தில் நான் விழிக்கவே இல்லை. அவர் இறங்கியிருக்கிறார். டீ குடிக்க இல்லை, டயர் தட்டுவதற்கு. அந்தக் கட்டை நினைவிருக்கிறதா? கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டை, அதைக்கொண்டு தட்டி, சத்தத்தை வைத்தே டயரில் காற்று எப்படி என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டு வந்த பிறகும் கைப்பையில் எப்போதும் வைத்திருப்பார், நானும் எடுத்து வெளியே வைத்ததில்லை. வண்டி நின்றால் இறங்கி ஒரு சுற்று சுற்றி எல்லா டயரையும் தட்டிவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். அன்றும் அதைத்தான் செய்திருக்கிறார்.

நம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் விமான நிலையத்திலிருந்து திரும்பி வரும் பஸ்ஸும் நின்றிருக்கிறது. அதே கம்பெனி, அதே நிறம். நம் வண்டி டயரையெல்லாம் தட்டி முடித்தவர் நிறுத்தாமல் அடுத்த வண்டியையும் தட்டப் போய்விட்டார். பின்பக்கம் உள் டயரில் காற்று இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்து அந்த டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். அவனும் பார்த்துவிட்டுக் காற்றை நிரப்பி, ‘ரொம்ப நன்றிங்க ஐயா’ என்று சொல்லியிருக்கிறான். எந்த வண்டியைச் சுற்றி முடிக்கிறாரோ அந்த வண்டியில் ஏறுவதுதானே அவர் வழக்கம்? ஏறிவிட்டார். அந்த டிரைவரும் இவர் தன் வண்டிப் பயணி என்றே நினைத்துவிட்டான். ஊரில் வேறு யாரும் பஸ் மாறி ஏறினால் தூக்கக் கலக்கத்தில் ஏறுவார்கள். உன் அப்பா வேலை பார்த்துவிட்டு ஏறியிருக்கிறார்.

நான் கண் விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட் காலி. எழுந்து போய் டிரைவரிடம் சொன்னேன். நெடுஞ்சாலையில் நடுவில் நிறுத்தக் கூடாதாம். டிரைவர் நல்ல பையன், உடனே ஆபீசுக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘அம்மா, அவர் அந்த வண்டியில முன்சீட்ல உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொல்லிட்டு வர்றாராம், பயப்படாதீங்க’ என்றான். டிப்போவிலிருந்து விசில் மாமாவுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். அப்பாவோடு கண்டக்டராக இருந்தவர், விசில் இல்லாமலேயே விசில் அடிப்பார் என்று நீ சின்ன வயதில் பின்னாலேயே சுற்றுவாயே, அதே விசில் மாமாதான். அவர் பஸ் நிலையத்தில் போய் நின்று இவரை இறக்கிக்கொண்டார்.

நான் வேறு வழியில்லாமல் விமான நிலையம்வரை போய் இறங்கினேன். திரும்பும் பஸ் வர நேரம் இருந்தது. உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து டீ வாங்கினேன். தையல்காரி இதைப் படித்தாலும் பரவாயில்லை, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப்போகிறேன். எனக்கு அங்கே சுகமாக இருந்தது. அவர் எங்கே போகிறார், எதைத் தொடுகிறார், அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. டீயைச் சூடாகக் கடைசிவரை குடித்தேன். பெட்டிகளை உருட்டிக்கொண்டு போகிறவர்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு அசதி இருக்கிறது என்பதே அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பிறகு அவர் என்ன செய்கிறாரோ என்ற நினைப்பு வந்துவிட்டது.

ஊர் திரும்பியபோது பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அப்பாவுக்கு வந்ததே கோபம். ‘எங்க போயிருந்த? வண்டி எடுக்கற நேரத்துல காணாமப் போயிட்ட. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இறங்கினா என் கண்ணுல படற மாதிரி நில்லுன்னு’ என்று திட்டினார். விசில் மாமா சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் போய் அழுதேன்.

பஸ் வேண்டாம். அடுத்து ரயில். வண்டியைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டால், டயரே இல்லாவிட்டால், அவருக்கு வேலை செய்யத் தோன்றாது என்று விசில் மாமா சொல்கிறார். அவரை எப்படி ஏற்றப்போகிறேன் என்று தெரியவில்லை.

நீ இதைப் படித்துவிட்டு அழாதே, அழுதால் ரத்த அழுத்தம் ஏறும். உப்பைக் குறை.

உன் அம்மா


அன்பு மகளுக்கு,

நாள் நெருங்கிவிட்டது. பயப்படாதே. உன்னை நானும் இப்படிப் பயந்துகொண்டேதான் பெற்றேன். பிரசவ அறை வாசலில் இவர் டிரைவர் சட்டையோடு நின்று நர்ஸிடம் டிப்போ பாஷையில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். அது என் காதில் விழுந்தபோது வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

ரயிலில் போய் வந்தோம். அப்பாவை ஏற்றுவதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் எல்லாம் டிப்போவில் நிற்கிறது, இன்று ஓடாது என்று விசில் மாமா வந்து சொன்னார். தன் ஆள் சொன்னதால் நம்பினார். பிளாட்பாரத்தில் நின்று அந்த ரயிலை ஏதோ அடுத்த வீட்டுத் தகராறைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

உள்ளே உட்கார்ந்ததும், ‘யாரு ஓட்டறா?’ என்று கேட்டார். முன்னால் ஒருத்தர் ஓட்டுகிறார் என்றேன். ‘நீ பாத்தியா?’ என்றார். இல்லை என்றேன். ‘ஆளைப் பாக்காம எப்படி ஏறின?’ என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே சாலையும் இல்லை, வளைவும் இல்லை, அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். எங்கேயும் போகவில்லை, எதையும் தட்டவில்லை. எவ்வளவு வசதி என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த ஆள் அந்த முகத்தில் இல்லை.

சந்திப்பில் லிஃப்ட் ஓடவில்லை. அந்த விசாரணை ஜன்னல் பெண் கெட்டிக்காரிதான். படியில் என் முட்டி பிடித்துக்கொண்டது. அவர் என் முழங்கையைத் தாங்கிக் கைப்பிடிப் பக்கமாக என்னை விட்டு, ஒவ்வொரு படியாக ஏற்றினார். உடம்பில் பலம் அப்படியே இருக்கிறது.

விமான நிலையத்தில் கீழே இறங்கி, மேலே வந்தால், அதே கண்ணாடிக் கதவுகள். பஸ்கள் வந்து நிற்கும் இடமும் அதுதான். அந்த இடத்தைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. ஒத்திகைக்காக இந்தமுறை நான் கொண்டு வந்திருந்த பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, கதவுக்கு எதிரே நேராக நிறுத்திவிட்டு, திரும்பி நடக்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ‘உள்ள வாங்க’ என்றேன். ‘உள்ள நான் எதுக்கு? டிரைவருக்கு இதுவரைக்கும்தான். வண்டியை யாரு பாத்துக்கறது?’ என்றார்.

யோசித்துப் பார்த்தேன் மகளே. அத்தனை வருஷம் அந்தக் கதவுக்கு எதிரே எத்தனையோ பேரை இறக்கிவிட்டவர், ஒருநாளும் அதைத் தாண்டியதில்லை. அந்த இடத்தைத் தொட்டால் திரும்ப வேண்டும், அதுதான் அவர் எல்லை. நான் இழுத்தேன். கெஞ்சினேன். உன் பெயரைச் சொன்னேன். அவர் குரல் ஏறியது, காவலர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். விட்டுவிட்டேன். ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் அந்தக் கதவு ஒன்றுதான். அதற்கப்பால் அவரை என்னால் கொண்டுபோக முடியாது. அப்படியே கொண்டுபோனாலும், யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்க முடியாத இன்னொரு வண்டியில் அவ்வளவு நேரம் அவரைக் கட்டிப்போட்டு உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. கதவோரம் சக்கர நாற்காலி தள்ளும் பெண் ஒருத்தி நின்றிருந்தாள், சீருடை போட்டுக்கொண்டு, உன் வயதுதான் இருக்கும். அப்பா மறுபடி பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். ‘டூட்டி மாத்திவிட வந்தது நீங்கதானேம்மா?’ என்றார். அவள் விழித்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. என்னைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.

‘இடது முட்டி படி ஏறும்போது பிடிக்கும். கைப்பிடி இருக்கற பக்கமா விடுங்க. பசிக்குதான்னு கேக்காதீங்க, இல்லைன்னுதான் சொல்லுவா, கேக்காம தட்டை வச்சிருங்க. ஹாரன் கொஞ்சம் ஜாஸ்தி, அதைப் பெருசா எடுத்துக்க வேண்டாம். தூங்கிட்டா எழுப்பாதீங்க. அவ சரியாத் தூங்கியே ரொம்ப நாளாச்சு.’

என்னை எங்கே இறங்கணும் என்று கேட்கிற மனுஷனுக்கு இதெல்லாம் எங்கே இருந்தது? நான் தூங்காததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்தப் பெண், ‘சரிங்க ஐயா’ என்றாள். அவர் பெட்டியின் பிடியை விடவில்லை. ‘பத்திரமாப் பாத்துக்கறேன்’ என்றாள். அப்போதும் விடவில்லை. நான் அவள் பக்கம் போய், ‘எடுத்துக்கிட்டேன்னு சொல்லும்மா’ என்று காதோடு சொன்னேன். அவள் சொன்னாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

அதனால் நான் மட்டும் வருகிறேன். அந்த இன்னொரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. உனக்கு வருத்தமாக இருக்கும், அப்பா வந்து பிள்ளையைக் கையில் வாங்குவார் என்று ஆசையாக இருந்தாய். எனக்கும் அந்த ஆசை இருந்தது. விசில் மாமா தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து தங்குகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை. சாப்பாட்டைத் தையல்காரி பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். காலையில் அப்பா எங்கே இறங்கணும் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று விசில் மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். படுக்கும்முன் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

அப்பாவைப் பார்க்கும் கிளினிக்கில் நர்ஸிடம் போய், நான் கொஞ்ச நாள் இல்லாவிட்டால் என்னாகும் என்று கேட்டேன். அவள் என்னை உட்கார வைத்துப் பேசினாள். திரும்பி வரும்போது உங்களை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகலாம் என்றாள். போகாமல் இருந்தால் தெரியுமா என்று கேட்டேன். அதற்கும் உத்தரவாதம் இல்லை என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் தெருமுனைக் கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்கு நான் இப்போது வேண்டும். அவருக்கு நான் எப்போதும் வேண்டும். என்னால் இரண்டு இடத்தில் இருக்க முடியவில்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று உன்னை நம்பவைக்க எனக்குத் தெம்பில்லை மகளே. ஆனால் வருகிறேன்.

விமான நிலையத்துக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். ரயில்தான் வசதி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என்னைக் கொண்டுவந்து விட வேண்டியவர் அவர். முன்சீட்டில் உட்கார்ந்து வளைவையெல்லாம் சொல்லிக்கொண்டு வரட்டும். டீக்கு நிறுத்தும் இடத்தில் விசில் மாமா பக்கத்திலேயே நிற்பார், நானும் இந்தமுறை தூங்கமாட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வந்து உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும், என்னோடு பேசுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு போன் போடு. விசில் மாமா ஸ்பீக்கரில் போடுவார். அப்பாவிடம் எடுத்துக்கிட்டேன் என்று சொல். அவர் யார் பேசுவது என்று கேட்டாலும் சொல். அதைக் கேட்காமல் அவர் படுக்கமாட்டார். நீயும் பிள்ளையும் நல்லபடியாக எழுந்து நடமாடி, நான் திரும்பும் நாள் வரும்போது, ஒரு குறையும் விடாமல் சொல்லி என்னை அவரிடம் ஒப்படை. முட்டியைச் சொல், பசியைச் சொல், இங்கே நன்றாகத் தூங்கினாள் என்று சொல். அவர் எடுத்துக்கொள்வாரோ மாட்டாரோ, நீ சொல்லிவிடு. நான் வந்து இறங்கி அவர் எதிரில் நிற்கும்போது, நீங்க எங்க இறங்கணும் என்று அவர் கேட்டால், கடைசி ஸ்டாப்புங்க என்று சொல்லி ஏறிக்கொள்வேன்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும்.

கிளம்பிவிட்ட
அம்மா